உட்கார விடாத சேச்சி

சாவு வீட்டுக்குத் துஷ்டி கேட்கப் போகிறவன் மாதிரிதான் அந்த வீட்டுக்குள் முதன்முதலாக நுழைந்தேன். தப்பு முழுவதும் என் பேரில் இல்லை. என் இடத்தில் யார் இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள்.

மேலகரத்தில் எங்கள் வீட்டுக்கு எதிர்வீடு அது. அவர்கள் குடிவந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. புருஷன் லாரி டிரைவர், எங்கள் பக்கத்து ஆள். பெண்டாட்டி தென்காசியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ், மலையாளத்துக்காரி. அவ்வளவுதான் தெரியும். ஆவணிச் சாரல் பிசுபிசுவென்று விழுந்துகொண்டிருந்த ஒரு காலையில் பாவூர்சத்திரத்துக்குக் கிளம்பினேன். அங்கே எனக்குக் காய்கறிக் கமிஷன் கடை. வண்டியை வெளியே எடுத்தபோது எதிர்வீட்டு வாசலெல்லாம் செருப்பு கிடந்தது. முற்றத்தில் ஒரு கூட்டம் பெண்கள், அத்தனை பேரும் வெள்ளைச் சேலை, தரையில் உட்கார்ந்து கேந்திப் பூவையும் கோழிக்கொண்டையையும் இதழ் இதழாக உதிர்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தியும் பேசவில்லை. டிரைவரின் லாரியை இரண்டு நாளாகக் காணோம். எங்கள் ஊரில் பூவை உதிர்த்துக் குவிப்பது கடைசி ஊர்வலத்தில் தெருவெல்லாம் இறைப்பதற்குத்தான். செங்கோட்டை மலைப்பாதை, மழை, லாரி என்று என் மனம் தானாகவே எல்லாவற்றையும் முடிச்சுப் போட்டுவிட்டது.

வண்டியை நிறுத்தினேன். செருப்பைக் கழற்றினேன். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு தலையைத் தொங்கப் போட்டு உள்ளே போய் நின்றேன். எப்ப ஆச்சு என்று மெதுவாகக் கேட்டேன். பெண்கள் என்னை நிமிர்ந்து பார்த்தார்கள். அந்த நேரம் பார்த்து உள்ளேயிருந்து டிரைவர், சவமாகக் கிடக்க வேண்டிய மனிதர், கையில் காப்பித் தம்ளரோடு வந்து "வாங்க அண்ணாச்சி" என்றார். என் முகத்தில் என்ன தெரிந்ததோ, வெள்ளைச் சேலைகள் அத்தனையும் சிரித்து உருண்டன. அருகில் போன பிறகுதான் சேலைகளின் சரிகைக் கரை கண்ணில் பட்டது.

ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை. ஒரு கூடைப் பூவை என் பக்கம் தள்ளினாள்.

"வந்தது வந்தாச்சு. நிக்கண்டா அண்ணாச்சி, இந்தக் கேந்திய உதிருங்க. கோலத்துல ஒரு வட்டம் குறையுது."

உட்கார்ந்து உதிர்த்தேன். கடை அன்றைக்கு மதியச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் திறந்தது.

அவள்தான் சேச்சி. சேச்சி என்றால் மலையாளத்தில் அக்கா. என்னைவிட வயதில் இளையவள். ஆனாலும் மேலகரத்தில் பெரியவர் சிறியவர் அத்தனை பேருக்கும் அவள் சேச்சிதான். பேர் என்னவோ இருந்தது, ரேஷன் கார்டுக்கு மட்டும் உபயோகப்பட்டது. ஊசி போடுவதற்கு முன்னால் திரும்பிப் படுக்கச் சொல்கிற குரல் அவளுக்கு. அந்தக் குரலில் சொன்னால் யாரும் மறுப்பதில்லை. ஊசி முடிந்த பிறகும் அந்தக் குரலை அவள் இறக்கி வைப்பதில்லை என்பதுதான் எங்கள் பாடு.

சும்மா இருக்கிற ஆளைக் கண்டால் அவளுக்கு ஆகாது. அதிலும் ஒரு நீதி வைத்திருந்தாள். "விருந்தாளின்னா உக்காருங்க. வீட்டு ஆளுன்னா எந்திரிங்க" என்பாள். அவள் வீட்டு நிலையைத் தாண்டியவன் காப்பி குடித்தானோ இல்லையோ, கையில் முருங்கைக்கீரையாவது வாங்கிக்கொண்டுதான் உட்காருவான். முதலில் எனக்கு எரிச்சலாக இருந்தது. கடையில் நாலு பேரை வேலை வாங்குகிற என்னை ஒரு நர்ஸ் வெங்காயம் உரிக்க வைப்பதா என்று வீட்டில் வந்து பொருமியிருக்கிறேன். உரித்துவிட்டு வந்துதான் பொருமினேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

நான் துஷ்டி வீடு என்று நினைத்துப் போன அந்த ஓணம் அவள் கிளப்பி விட்டது. தென்காசி, குற்றாலம் வட்டாரத்தில் பிழைக்க வந்த மலையாளிகள் நிறையப் பேர். பேக்கரி மாஸ்டர்கள், நர்ஸ்கள், குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்கள், டைல்ஸ் ஒட்டுகிறவர்கள். ஓணத்துக்கு ஊருக்குப் போக இவர்களில் பாதிப் பேருக்கு லீவு கிடைக்காது. காரணம் வேடிக்கையானது. ஓண விடுமுறைக்குக் கேரளமே கிளம்பிக் குற்றாலத்துக்குக் குளிக்க வந்துவிடும். வருகிறவர்களுக்கு டீ போட, எண்ணெய் தேய்க்க, வழுக்கி விழுந்தவனுக்குக் கட்டுப்போட இவர்கள் இங்கே இருந்தாக வேண்டும். அதனால் திருவோணம் முடிந்து கொஞ்சம் மூச்சு விடுகிற ஒரு நாளாகப் பார்த்து டிரைவரின் லாரி ஷெட்டில் சேச்சி எல்லோரையும் கூட்டிவிடுவாள். லீவு கிடைக்கிற நாள்தான் திருவோணம் என்பது அவள் கட்சி.

ஓணத்துக்கு முந்தின வாரம் பாவூர்சத்திரம் சந்தை எப்படி இருக்கும் என்று அங்கே போனவர்களுக்குத் தெரியும். கேரளத்து லாரிகள் வரிசை கட்டி நிற்கும், லோடு ஏற்றுகிறவர்களுக்கு நிமிர நேரம் இருக்காது. அந்த நெரிசலுக்குள் டூட்டி முடிந்து வெள்ளை உடுப்போடே வந்து நிற்பாள். சேனையைத் தட்டிப் பார்ப்பாள். தடியங்காயைத் தூக்கிப் பார்த்துவிட்டு வேறு கேட்பாள். காய் பார்த்துப் பழகிய என்னிடமே வெள்ளரிக்காய் பிஞ்சா முற்றலா என்று வாக்குவாதம் செய்வாள், பல சமயம் அவள்தான் தோற்பாள், தோற்றாலும் காயை மாற்றித்தான் தருவேன்.

சமையலில் என் வீட்டுக்காரிக்கும் அவளுக்கும் ஒரு தீராத வழக்கு இருந்தது. அவியல் யாருடையது என்பது. திருநெல்வேலிக்காரிக்கு அவியல் எங்கள் கல்யாணப் பந்தியின் உரிமை. சேச்சிக்கோ அது அவள் ஊர்ச் சொத்து. என் வீட்டுக்காரி கத்தரிக்காயை அரிந்து போட, சேச்சி அண்டாவைப் பார்த்துவிட்டு இது அவியல் இல்லை கூட்டு என்று சொல்ல, இரண்டு பேரும் அடுப்புக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று அரைநாள் பேசவில்லை. அப்புறம் இலையில் இரண்டு அவியலும் வைக்கப்பட்டன. நாங்கள் பயந்துபோய் இரண்டையும் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டோம்.

ஒரு வருஷம் வங்கி மேலாளர் ஒருவர் வந்தார், பாலக்காட்டுப் பக்கத்துக்காரர். பட்டு வேட்டி, சென்ட் வாசனை. தனக்கு முன்வரிசையில் நாற்காலி கிடக்கும் என்று நினைத்து வந்திருக்கிறார். சேச்சி அவர் கையில் தேங்காய் துருவியைக் கொடுத்தாள். மனிதர் முகம் சுண்டிப்போயிற்று. விருந்தாளியாக வர வேண்டும் என்றால் சார் இன்னொரு நாள் வரட்டும், நானே இலை போடுகிறேன், இன்றைக்கு இங்கே வீட்டு ஆட்களுக்குத்தான் சாப்பாடு என்றாள். பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு துருவினார். அடுத்த வருஷம் எல்லோருக்கும் முன்னால் கைலியோடு வந்து நின்றவர் அவர்தான்.

இன்னொரு முறை, புதிதாக வேலைக்கு வந்த ஒரு நர்ஸ் பெண். முதல் ஓணம் வீட்டை விட்டு. ஷெட்டின் மூலையில் போய்ச் சுவரைப் பார்த்து அழுதுகொண்டிருந்தது. நாங்கள் எல்லாம் என்ன சொல்லித் தேற்றுவது என்று தெரியாமல் நின்றோம். சேச்சி ஒரு முறம் சின்ன வெங்காயத்தைக் கொண்டுபோய் அதன் முன்னால் வைத்தாள். "இத உரிச்சுக்கிட்டே அழு மோளே. யாரும் என்னன்னு கேக்க மாட்டாக" என்றாள். அந்தப் பெண் அழுது முடித்தபோது சாம்பாருக்கு வெங்காயமும் ஆகியிருந்தது.

அது அன்பா அதிகாரமா என்று ரொம்ப நாள் எனக்குத் தெரியவில்லை. என் வீட்டுக்காரிக்கு ஆபரேஷன் ஆனபோதுதான் தெரிந்தது. சேச்சி வேலை பார்த்த ஆஸ்பத்திரியில்தான் சேர்த்திருந்தோம். தியேட்டர் கதவைப் பார்த்தபடி நான் வராந்தாவில் நடந்துகொண்டிருந்தேன். சாமி பேர்கூட வாயில் வரவில்லை. சேச்சி வந்தாள், ஒரு வார்த்தை ஆறுதல் கிடையாது, ஒரு கட்டுப் பஞ்சைக் கொடுத்து உருட்டச் சொல்லிவிட்டுப் போனாள். உருட்டினேன். கதவு திறந்தபோது என் மடி நிறையப் பஞ்சு உருண்டை. அந்த உருண்டைகளை ஆஸ்பத்திரியில் யாரும் உபயோகிக்கவே இல்லை என்பது பின்னால்தான் தெரிந்தது. அன்றிலிருந்து அவள் எதைச் சொன்னாலும் முணுமுணுக்காமல் செய்தேன்.

அவளுடைய சங்கதியை முதல் வருஷமே சொல்லியிருந்தாள். அன்று சாப்பாடு முடிந்து கை கழுவும்போது, காலையில் துஷ்டி விசாரித்ததற்காக மன்னிப்புக் கேட்டேன். நீங்கள் கேட்டதில் பாதி சரிதான் அண்ணாச்சி என்றாள். அவளுக்குப் புனலூர். மலைக்கு அந்தப் பக்கம், காலையில் பஸ் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்குப் போய்விடலாம். அங்கே ஒரு ஆஸ்பத்திரியில் அவள் நர்ஸாக இருந்தபோது, ஆரியங்காவு வளைவில் லாரி கவிழ்ந்து கால் ஒடிந்த டிரைவரைக் கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள். கால் கூடியது, கூடவே இதுவும் கூடிவிட்டது. வேறு பாஷை, வேறு ஜாதி, லாரி டிரைவர், ஒரு வீட்டுக்குக் கோபம் வர இதில் ஒன்று போதும். அவள் கிளம்பி வந்த வாரத்தில் தம்பிக்கு நிச்சயமாகியிருந்த கல்யாணம் அதைச் சொல்லியே நின்றுபோயிற்று. அப்பா, எனக்கு மகள் செத்துவிட்டாள் என்று சொல்லி எள்ளும் தண்ணீரும் விட்டார். பிற்பாடு அவர் இறந்தபோது சேச்சிக்குச் சொல்லிவிடவில்லை. தம்பிக்கு வேறு இடத்தில் கல்யாணமாகி, பிள்ளைகளும் ஆகி, ஊரில் இரும்புக்கடை வைத்திருந்தான்.

ஒவ்வொரு வருஷமும் ஓணம் தொடங்குகிற அத்தம் நாளில் அந்தக் கடைக்கு போன் போடுவாள். இன்ன தேதியில் இங்கே ஓணம், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வா என்பாள். அந்தப் பக்கத்தில் ஒரு வார்த்தை வராது, போனை வைத்துவிடுவான். எங்களுக்குக் கேட்கவே மனசு கஷ்டப்படும். எதற்கு இந்த அவமானம் என்று என் வீட்டுக்காரி ஒருநாள் கேட்டுவிட்டாள்.

"முழுசும் கேட்டுட்டுத்தான வைக்கான்" என்றாள் சேச்சி.

அவ்வளவு பெரிய பந்தி வைத்தாளே, அத்தனை பேரைக் கூட்டினாளே, அவள் காத்திருந்தது அந்த ஒருத்தனுக்காகத்தான். எங்களுக்கெல்லாம் தெரியும். ஒவ்வொரு வருஷமும் முதல் பந்தி உட்கார்ந்ததும் ஒரு தடவை ரோட்டைப் பார்ப்பாள். பிறகு வாளியைத் தூக்கிவிடுவாள்.

இப்போது அவர்கள் இங்கே இல்லை. மகனுக்குக் கொச்சியில் வேலை கிடைத்து, டிரைவரும் லாரியை விற்றுவிட்டு, குடும்பத்தோடு போய்விட்டார்கள். ஷெட் டைல்ஸ் குடோனாகிவிட்டது. சேச்சி அங்கே யாரை வேலை வாங்குகிறாளோ, அவர்கள் கொடுத்துவைத்தவர்கள். நான் சொல்ல வந்தது அவர்கள் போவதற்குக் கொஞ்ச காலம் முன்னால் நடந்தது.

அந்த வருஷம் போன் பேசிவிட்டு வந்தவள், இந்தத் தடவை கொஞ்சம் தாமதமாக வைத்தான் என்றாள். ஓணத்தன்று சீசனே திரும்பி வந்தது மாதிரி சாரல். முதல் பந்தி பாதி நடந்துகொண்டிருந்தது. நான் ஷெட் வாசலில் குடைகளை வாங்கி வைத்துக்கொண்டிருந்தேன், அதுதான் எனக்குக் கொடுத்த வேலை. கேரளப் பதிவு எண் போட்ட ஒரு கார் வந்து நின்றது. ஒருவர் இறங்கினார், பின்னால் மனைவி, இரண்டு பிள்ளைகள். நாலு பேருக்கும் தலை ஈரம். குற்றாலத்துக்குக் குளிக்க வந்ததாகவும், பிள்ளைகளுக்குப் பசி, ஓட்டலில் எல்லாம் கூட்டம் என்றும், கேட்காமலே என்னிடம் சொன்னார். அருவியிலிருந்து எங்கள் தெருவுக்கு வருகிற வழியில் எத்தனை ஓட்டல் என்று எனக்குத் தெரியாதா? முகத்தைப் பார்த்தேன். சேச்சியின் நெற்றி, சேச்சியின் மூக்கு. குடை வாங்கக் கை நீட்டியவன் அப்படியே நின்றுவிட்டேன்.

உள்ளே சேச்சி சாம்பார் வாளியோடு வரிசையின் நடுவில் இருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். வாளியைக் கீழே வைத்துவிட்டு வந்தாள். அழுவாள், கட்டிப்பிடிப்பாள், இல்லை ஒரு அறை கொடுப்பாள் என்று எதற்கும் நான் தயாராக இருந்தேன்.

"வாங்க. உக்காருங்க" என்றாள்.

கூடப் பிறந்தவனிடம் தமிழில், பேங்க் மேலாளரிடம்கூட அவள் காட்டாத மரியாதையில். அவளே நாலு இலை போட்டாள். அவளே தண்ணீர் தெளித்தாள். உப்பில் தொடங்கி ஒவ்வொன்றையும் அவள் கையாலேயே வைத்தாள், அடுத்தவர்களைக் கிட்ட விடவில்லை. போதுமா, இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா என்று கேட்டுக் கேட்டுப் பரிமாறினாள். அவன் இலையைவிட்டுத் தலையைத் தூக்கவில்லை. பிள்ளைகள் மட்டும் நன்றாகச் சாப்பிட்டார்கள்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. இத்தனை வருஷம் காத்திருந்து, வந்தவனை இப்படி மூன்றாம் மனுஷனாக நடத்துவதா? இந்த நாளிலா வீம்பு? என் வீட்டுக்காரியிடம் போய்ப் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். அவள் சேச்சியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வீம்பு இல்ல. அவ பயப்படுதா" என்றாள். "வீட்டு ஆளா நினைச்சு ஒரு வேலை சொல்லி, அவன் மாட்டேன்னுட்டா? விருந்தாளின்னா சாப்பிட்டுட்டுப் போயிருவான். அடுத்த வருஷமும் போன் போடலாம்லா."

அந்தக் குரலுக்குச் சொந்தக்காரி பயப்படுவாள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அப்புறம் பார்த்தேன், பாயசம் ஊற்றும்போது கரண்டி இலையில் இடித்தது.

பந்தி எழுந்தது. எல்லோரும் கை கழுவப் போனார்கள். எங்கள் பக்கத்தில் விருந்துக்கு வந்தவர் தன் இலையைத் தொடக் கூடாது. தொட்டால் விருந்து வைத்தவருக்கு அது குறை. எச்சில் இலை எடுப்பது வீட்டு ஆட்களின் வேலை, அதையும் வீட்டில் எல்லோரும் செய்துவிடுவதில்லை. அவன் எழுந்து நின்றான். பெண்டாட்டி பிள்ளைகளைக் கை கழுவ அனுப்பினான். குனிந்து தன் இலையை மடித்து எடுத்தான். பிறகு மனைவியின் இலை, பிள்ளைகளின் இலை. அதோடு நிறுத்துவான் என்று நினைத்தேன். அடுத்ததாக டைல்ஸ்காரர் சாப்பிட்ட இலையை எடுத்தான், அதற்கடுத்து பேக்கரி மாஸ்டரின் இலையை. சுவர் ஓரமாக இருந்த கூடையை இழுத்து வந்து அதில் போட்டான். வரிசையோடு குனிந்தபடியே போய்க்கொண்டிருந்தான்.

டிரைவருக்குத் தாங்கவில்லை. ஒடிந்து கூடிய காலோடு சாய்ந்து சாய்ந்து ஓடினார்.

"மச்சான், அதெல்லாம் நீங்க தொடக் கூடாது. வைங்க மச்சான்."

சேச்சி கையை நீட்டி அவரைத் தடுத்தாள். தம்பி வரிசையின் கடைசி வரைக்கும் போனான். வேட்டியில் சாம்பார், முழங்கை வரை எச்சில். கூடையை வைத்துவிட்டு, இனி என்ன என்பது போல நின்றான். அக்காவைப் பார்க்கத் தைரியம் இல்லாமல் கூடையைப் பார்த்துக்கொண்டு நின்றான். சேச்சி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். பிறகு அந்தக் குரல் வந்தது, ஊசி போடுகிற குரல், மலையாளத்தில்.

"எடா, ஆ மூலயில் ரெண்டு இல கூடி உண்டு. அதும் எடுக்கு."

மூலையில் இன்னும் இரண்டு இலை கிடக்கிறதாம், அதையும் எடுக்க வேண்டுமாம்.

"எடுக்காம் சேச்சி" என்றான்.

மேலகரமே அவளை அப்படித்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. கூப்பிட வேண்டியவன் கூப்பிட்டு அன்றைக்குத்தான் கேட்டோம். வங்கி மேலாளர் தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். என் வீட்டுக்காரி அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தம்பி மூலைக்குப் போய் அந்த இரண்டு இலையையும் எடுத்தான். சேச்சி அவனைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு, சும்மா நிற்கிறவன் யார் என்று தேடி என் பக்கம் திரும்பினாள்.

"என்ன அண்ணாச்சி வேடிக்கை? அடுத்த பந்திக்கு இலை போடுங்க."

குரல் பாதியில் உடைந்துவிட்டது. நான் இலைக்கட்டைப் பிரித்துப் போட ஆரம்பித்தேன். கண் மறைத்தது, நுனி எந்தப் பக்கம் என்று தெரியாமல் தடவித் தடவித்தான் போட்டேன்.